வராத விண்ணப்பங்களை எப்படி எண்ணுவது?

கேள்வி

மலேசியாவின் பேரா மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துண்டாடி விற்கப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் தொடங்கிய சிறிய கல்வி அறவாரியத்துக்கு நான் செயலாளர். எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வை முடித்த பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதுதான் எங்கள் முதன்மைப் பணி. எங்களுக்கு நன்கொடை தரும் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று, பயன் பெற்றோரை இனம், பாலினம், உடற்குறை ஆகியவற்றின்படி பிரித்து விழுக்காட்டு அட்டவணை தந்தால்தான் அடுத்த தவணை வரும் என்கிறது. கடந்த ஆண்டு 48 பேருக்குக் கொடுத்தோம். அவர்களில் 31 பேர் பெண்கள், அனைவரும் தமிழர், மாற்றுத்திறனாளி எவரும் இல்லை. அறங்காவலர் எழுவரும் ஆண்கள். இளையவருக்கு வயது 58. "நம் அப்பன்மார் சேர்த்த காசுக்கு இனக்கணக்குக் கேட்க இவர்கள் யார்?" என்கிறார் தலைவர். "வந்த விண்ணப்பங்களில் தகுதியுள்ள அனைவருக்கும் கொடுத்தோம், யாரையும் ஒதுக்கவில்லை" என்கிறார் பொருளாளர். எங்கள் சாசனத்தில் "தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுடைய கல்விக்காக" என்று மட்டுமே உள்ளது. எதை அளப்பது, எப்படி அளப்பது என்று விளக்க வேண்டுகிறேன். விண்ணப்பப் படிவத்தின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பொருளாளர் சொன்ன வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "வந்த விண்ணப்பங்களில்" என்ற இரண்டு சொற்களுக்குள்தான் நீங்கள் கேட்ட கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. திருவிழா அன்னதானத்தில் இலை போட்டு அமர்ந்தவர்களுக்கெல்லாம் குறையின்றிப் பரிமாறிவிட்டோம் என்று சொல்வது எளிது. கோயிலுக்கு வர பேருந்தில்லாமல் தோட்டத்திலேயே நின்றுவிட்டவர்களும், அன்றைக்குப் பந்தி நடக்கிறது என்றே அறியாதவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நன்கொடையாளர் கேட்கும் அட்டவணை, இலை முன் அமர்ந்தவர்களின் அட்டவணை. அதை அனுப்புவதற்குத் தடையில்லை. ஆயினும் உங்கள் அறவாரியம் அளக்க வேண்டியது அதற்கு முந்திய இடத்தில் இருக்கிறது.

இதை நான் பிறருக்குப் பாடம் சொல்லும் நிலையில் நின்று எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டப்புற அறவாரியத்துக்கு விண்ணப்பப் படிவம் தயாரித்துக் கொடுத்தவன் நான். அதன் கடைசிப் பக்கத்தில் "தகப்பனார் கையொப்பம்" என்று ஒரு வரி வைத்தேன். எல்லாப் படிவங்களிலும் இருந்ததால் என்னுடையதிலும் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தணிக்கைக்குச் சென்றபோது, "முழுமை பெறாதவை" என்று கட்டி வைக்கப்பட்டிருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றுள் பல, கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாய்மார் தம் பெயரில் கையொப்பமிட்டு அனுப்பியவை. தேர்வுக் குழுவினர் யாரையும் ஒதுக்கவில்லை; அவர்களின் மேசைக்கு வருமுன்பே என் வரி ஒதுக்கிவிட்டது.

நன்கொடையாளர் பயன்படுத்தும் பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கம் என்ற மூன்று சொற்களை இந்த அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் அவற்றின் வேறுபாடு தெளிவாகும். பன்முகத்தன்மை என்பது யார் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. சமநீதி என்பது, ஒரே விதி எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்ற சோதனை: ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிற்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கும், சபாவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு விமானம் ஏற வேண்டிய பிள்ளைக்கும் ஒரே தொகையைக் கொடுப்பது சமம், நீதியா என்பது தனிக் கேள்வி. உள்ளடக்கம் என்பது முடிவெடுக்கும் மேசையில் யாருடைய சொல் எடுபடுகிறது என்பது. முதலாவதை எண்ணுவது சுலபம் என்பதால் உலகெங்கும் அறவாரியங்கள் அதையே எண்ணிவிட்டு மற்ற இரண்டையும் அளந்துவிட்டதாகக் கருதிக்கொள்கின்றன.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் உங்கள் தலைவரின் கோபமும் சற்றுத் தணியக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 25 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள அறவாரியங்கள் தம் அறங்காவலர், பணியாளர், உதவி பெறுவோர் ஆகியோரின் இனப் பகுப்பை வெளியிட வேண்டும் என்ற சட்ட முன்வரைவு 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் கீழவையில் நிறைவேறியது. பெரிய அறவாரியங்கள் எதிர்த்தன. சிறுபான்மைச் சமூகங்களுக்குக் கூடுதலாகச் செலவிடுவதாக அவற்றுள் சில வாக்களித்தபின், அதே ஆண்டில் அந்த முன்வரைவு திரும்பப் பெறப்பட்டது. கணக்கைக் காட்டுவதைவிடக் காசைக் கூட்டிக் கொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தலைவர் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். பணம் மட்டும் பல மடங்கு.

அமெரிக்காவின் போர்டு (Ford) அறவாரியத்தின் கதை இன்னும் பயனுள்ளது. 2015-இல் அதன் அப்போதைய தலைவர் டேரன் வாக்கர், இனி எங்கள் பணி முழுவதும் ஏற்றத்தாழ்வை எதிர்ப்பதே என்று அறிவித்தார். அந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதை மாற்றுத்திறனாளிகளே எழுதிச் சுட்டிக்காட்டினார்கள். 2016-இல் வாக்கர் அந்தத் தவற்றைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். அதன்பின்னரே அந்த அறவாரியத்தின் நிதியிலும் பணியமர்த்தலிலும் அந்தப் பிரிவுக்கு இடம் பிறந்தது. உலகின் மிகப் பெரிய அறவாரியங்களுள் ஒன்று, சமத்துவத்தையே தன் முழக்கமாக எடுத்துக்கொண்ட பிறகும், தன்னிடம் வராதவர்களைக் காணவில்லை. உங்கள் பட்டியலில் மாற்றுத்திறனாளி எவரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது வெட்கப்பட வேண்டிய செய்தியல்ல; விசாரிக்க வேண்டிய செய்தி.

அதை எப்படி விசாரிப்பது? மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சமூகநல இலாகா ஓ.கே.யு. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டையை வழங்குகிறது. ஆனால் அந்தப் பதிவு விருப்பத்தின்பேரிலானது. மருத்துவமனைக்கும் இலாகாவுக்கும் அலைந்து அட்டை எடுக்காத குடும்பங்கள் தோட்டப்புறத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். எனவே "ஓ.கே.யு. அட்டை உண்டா?" என்ற கேள்வி அட்டையைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. இதற்கு ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் உருவான வாஷிங்டன் குழு, ஆறு சிறு கேள்விகளைத் தயாரித்து வைத்திருக்கிறது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், தன்னைத் தானே கவனித்துக்கொள்வதில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா என்று கேட்டு, சிரமமே இல்லை, சிறிது சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்ற நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒன்றில் கடைசி இரு விடைகளுள் ஒன்று வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்கலாம். "ஊனம்" என்ற சொல்லே அதில் வராது. அதனால் தாயும் தகப்பனும் மறைக்காமல் விடை சொல்வார்கள்.

இனி, நீங்கள் இணைத்தனுப்பிய படிவம். அதை இரண்டு முறை படித்தேன். குடும்ப வருமானம் மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2016-இல் எழுதப்பட்டதாகக் கீழே தேதி காட்டுகிறது. அப்போது தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். தாய், தகப்பன் இருவரும் அந்தச் சம்பளத்தில் உழைத்தால் 2,000 வரும், பிள்ளை தகுதி பெறும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அதே இருவர் இன்று 3,400 ரிங்கிட் வாங்குகிறார்கள். உங்கள் வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். நாட்டில் சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த சம்பளத்தை வாங்கும் தம்பதியரின் பிள்ளையை உங்கள் படிவம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்கிறது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகளாக யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

சம்பளச் சீட்டின் நகல் கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகத் தோட்ட நிர்வாகத்தில் வேலை செய்பவரிடம் அது இருக்கும். குத்தகையாளரின் கீழ் செம்பனைக் குலை வெட்டுபவரிடமும், வீடு வீடாகச் சென்று துப்புரவு வேலை செய்பவரிடமும் இருக்காது. ஆகத் தேவையுள்ளவரிடமே ஆதாரம் குறைவு. படிவத்தை வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 4 மணிக்குள் பட்டணத்து அலுவலகத்தில் நேரில் தர வேண்டும் என்பது, லிந்தாங் சாலையின் உட்பகுதியில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கேட்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை எண் கட்டாயம் என்கிறீர்கள். நம் மூதாதையர் பிறப்பைப் பதியாமல் விட்டதன் விளைவாக இன்றும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடும் தற்காலிகவாசிக்கான பச்சை அட்டையோடும், சில வீடுகளில் எந்த அட்டையும் இல்லாமலும் வளரும் பிள்ளைகளை நாம் அறிவோம். அரசாங்கக் கடனுதவியும் அரசாங்கப் பல்கலைக்கழக இடமும் எட்டாத அந்தப் பிள்ளைக்குத்தான் தனியார் அறவாரியம் ஒன்று மிகவும் தேவை. அவர்களை வெளியே நிறுத்துமாறு உங்கள் சாசனம் சொல்லவில்லை. இருப்பினும், வரிவிலக்கு அங்கீகாரம் பெற்றிருந்தால் அந்த அங்கீகாரக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒருமுறை பார்த்துவிட்டு இந்த வரியை மாற்றுங்கள்.

இப்போது அளவைக்கு வருகிறேன். ஒரே எண்ணுக்குப் பதிலாக ஓர் ஏணியை எண்ணுங்கள். உங்கள் எல்லைக்குள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ எத்தனை பேர். அவர்களுள் எத்தனை பேருக்குச் செய்தி எட்டியது. எத்தனை பேர் படிவம் வாங்கினார்கள். எத்தனை பேர் நிரப்பித் தந்தார்கள். எத்தனை பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். எத்தனை பேருக்குக் கிடைத்தது. அவர்களுள் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள். பட்டணத்து இடைநிலைப் பள்ளிகளின் ஆலோசனை ஆசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் கேட்டால் முதற்படிக்கு உத்தேச எண் கிடைத்துவிடும், உத்தேசம் போதும். புள்ளியியல் துறையின் கவாசான்கு இணையத்தளம் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வாரியாக மக்கள்தொகைப் பகுப்பைத் தருகிறது. அது பின்னணிக்கு உதவும். ஆனால் உங்கள் 48 பேரை ஊரின் மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது பிழையான ஒப்பீடாகிவிடும். உங்கள் சாசனம் ஊர் முழுவதற்கும் கொடுக்கச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் என்பதே உங்கள் வகுக்கும் எண். இதை நன்கொடையாளருக்கு எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். எந்த எண்ணால் வகுத்தோம் என்று சொல்லாத விழுக்காடு படிப்பவரைத் தவறாகவே வழிநடத்தும்.

ஏணியின் எந்தப் படியில் கூட்டம் சட்டென்று குறைகிறதோ அந்தப் படியில் உங்கள் விதி ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. படிவம் வாங்கியவர் பலர், திருப்பித் தந்தவர் சிலர் என்றால் படிவத்தைத் திருத்துங்கள். கிடைத்தவர் பலர், படித்து முடித்தவர் சிலர் என்றால் தொகையையோ, அது கைக்கு வரும் காலத்தையோ பாருங்கள். விடுதிக் கட்டணம் முதல் மாதமே கட்ட வேண்டியிருக்க, உங்கள் காசோலை நான்காம் மாதம் வருகிறதா என்று பாருங்கள். பெண்கள் 31 என்பதைப் பாலினச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 17 ஆண் பிள்ளைகளே வந்திருக்கிறார்கள் என்றால், எஸ்.பி.எம். எழுதுமுன்போ எழுதிய கையோடோ வேலைக்குப் போய்விட்ட பையன்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. பட்டறையில் தொழில் கற்கும் பையனுக்கும், குறுகிய காலத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் படிக்கும் பெண்ணுக்கும் உங்கள் திட்டத்தில் இடமுண்டா என்பதைப் படிவம் சொல்லவில்லை.

தகவலைத் திரட்டும் முறையிலும் கவனம் தேவை. பெயரைப் பார்த்து இனத்தையோ சமயத்தையோ நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். அவரவரே குறிக்கட்டும், "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டமும் இருக்கட்டும். இந்தத் தாள் விண்ணப்பத்திலிருந்து தனித்து இருக்க வேண்டும். தேர்வுக் குழுவின் கண்ணில் படக்கூடாது. உடல்நலம், சமய நம்பிக்கை ஆகியவற்றை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூருணர்வுத் தகவலாக வகைப்படுத்துகிறது. அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை நோக்கி எழுதப்பட்டது என்றாலும், அறவாரியம் அதைவிடத் தாழ்ந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க நியாயமில்லை. அறிக்கையில் எந்தப் பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கிறார்களோ அங்கே எண்ணை எழுதாமல் "ஐந்துக்குக் குறைவு" என்று மட்டும் எழுதுங்கள். சுங்கை சிப்புட் போன்ற ஊரில், செவித்திறன் குறைந்த பெண் ஒருவர் என்று எழுதினால் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சந்தைக்குப் போகும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் மேசையைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. எண்களை மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். பிரிட்டனில் அறவாரியங்கள் சில சேர்ந்து உருவாக்கிய தரவு அளவுகோல் ஒன்றில், ஓர் அமைப்பை ஒரு சமூகத்தார் வழிநடத்தும் அமைப்பு என்று அழைக்க, அதன் நிர்வாகக் குழுவில் 75 விழுக்காட்டினரும் மூத்த பணியாளரில் பாதிப்பேரும் அச்சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். அங்கேயே 100 அறவாரியங்களின் பொதுவெளித் தகவல்களை மட்டும் வைத்து, அவற்றின் சம்மதத்தைக் கேட்காமலேயே, பன்முகத்தன்மை, பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை என்ற மூன்றிலும் ஆண்டுதோறும் தரம் போடும் முயற்சியும் நடக்கிறது. மூன்றிலும் பின்தங்குவது பன்முகத்தன்மைதான். உங்கள் அறங்காவலர் எழுவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்றால், அந்தப் பிரிட்டிஷ் அளவுகோலின்படி நீங்கள் பலரைவிட முன்னே நிற்கிறீர்கள். இதை அறிக்கையில் பெருமையோடு எழுதலாம். ஆனால் பயன் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்களாக இருக்கும்போது மேசையில் ஒரு பெண்ணும் இல்லை என்பதற்கு அந்தப் பெருமை விடையாகாது. பெயருக்கு ஒருவரை நியமிப்பதைவிட, கூட்டத்தை எப்போது வைக்கிறீர்கள் என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால், வேலை முடிந்து வந்து சமைத்துப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் தாய் வரமாட்டார். உங்கள் உபகாரச் சம்பளத்தில் படித்து முடித்த பெண்கள் இப்போது இருபத்தைந்து, முப்பது வயதில் இருப்பார்கள். அவர்களுள் இருவரைத் தேர்வுக் குழுவுக்கு, வாக்குரிமையோடு, அழையுங்கள். வாக்குரிமை இல்லாமல் அழைத்தால் தேநீர் பரிமாறும் பொறுப்பு அவர்களிடம் வந்து சேர்ந்துவிடும். பல சங்கங்களில் பார்த்திருக்கிறேன்.

தலைவர் அவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். இந்த மண்ணுக்கு அவருடைய சீற்றம் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பால் வெட்டிய மரத்துக்கே தொழிலாளரை உரிமையாளராக்கிய அந்த முயற்சியின் பேரப்பிள்ளைதான் உங்கள் அறவாரியமும். பின்தங்கிய சமூகம் ஒன்று தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிதி தமிழர்களுக்கே சென்றது என்பதில் குற்றம் காண எதுவுமில்லை. அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் சாசனத்தை எழுதிய பெரியவர்கள் "தமிழர்" என்று எழுதவில்லை, "தோட்டத் தொழிலாளர்" என்று எழுதினார்கள். அந்தத் தோட்டங்களில் இன்று செம்பனை அறுக்கும் மலாய்க் குடும்பமோ, லாசா பக்கத்திலிருந்து வந்து கூலி வேலை செய்யும் தெமியார் பூர்வகுடிக் குடும்பமோ இருந்து, அவர்கள் பிள்ளை விண்ணப்பித்தால் என்ன செய்வது என்பதை அறங்காவலர் கூட்டம் இப்போதே, எந்த விண்ணப்பமும் மேசையில் இல்லாதபோதே, முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. என் கருத்து, சாசனத்தின் சொற்படி அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதே.

நன்கொடையாளரின் சொற்கள் நிலையாக இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் மானியம் வழங்கிய ஃபியர்லெஸ் நிதியத்தின் மீது 2023-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நிறுத்திவைக்கத் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டு நிதியம் அதை மூடியது. 2025 ஜனவரிக்குப் பின் அங்கே அரசே இத்தகைய திட்டங்களுக்கு எதிராகத் திரும்பியபோது, பல நிறுவனங்கள் தம் படிவங்களிலிருந்து இந்தச் சொற்களை ஓசையின்றி நீக்கின. அங்குள்ள சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கோலாலம்பூர் அலுவலகத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறதோ அங்கே வீசும் காற்று உங்கள் படிவம் வரை வந்துசேரும். இந்த ஆண்டு இனக்கணக்குக் கேட்டவர்கள் அடுத்த ஆண்டு வேறொன்றைக் கேட்கலாம். ஏணிக் கணக்கை உங்களுக்காக வைத்துக்கொண்டால், யார் எந்தச் சொல்லில் கேட்டாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இந்தத் தவணைக்கு அவர்கள் கேட்ட அட்டவணையை 48 பேரை வைத்து உள்ளபடியே அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பில், வகுக்கும் எண் எது, வருமான வரம்பை ஏன் மாற்றப் போகிறீர்கள், அடுத்த ஆண்டு எந்தப் படிகளை எண்ணப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சுழியம் என்ற இடத்தில் சுழியம் என்றே எழுதுங்கள். புதிய படிவத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதியை எனக்கு அனுப்பிவைத்தால் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறேன். இப்போதுள்ள படிவத்தின் நான்காம் பக்கத்திலும் "தகப்பனார் கையொப்பம்" என்ற வரி இருக்கிறது. அந்த இடத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.